மாதாவுக்குப் போன அரக்குப் பட்டு

அமல்,

நீ நலமாக இல்லை என்று எனக்குத் தெரியும். அதனால் நலம் விசாரிக்கும் வரியை விட்டுவிடுகிறேன். போனில் பேசியிருக்கலாம். ஆனால் போனில் நீ "சரிம்மா, சரிம்மா, அப்புறம் பேசறேன்" என்று முடித்துவிடுவாய். நானும் சொல்ல வந்ததை விட்டுவிட்டு, மாத்திரை போட்டாயா, உப்பைக் குறைத்தாயா என்று கேட்டு வைத்துவிடுவேன். உன் மனைவி லூர்து வீட்டை விட்டுப் போன இந்த ஐந்து வாரமாக நாம் இருவரும் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். ஆகவே எழுதுகிறேன். உட்கார்ந்து படி. ஷெரினிடம்தான் கொடுத்தனுப்புகிறேன், ஆனால் ஒட்டித்தான் கொடுக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அடையாறு வந்தபோது உன் வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். உனக்குத் தெரியும், நான் எந்த வீட்டுக்குப் போனாலும் ஜன்னல் கம்பியில் விரல் வைத்துப் பார்க்கிறவள். அன்று விரல் வைக்கத் தேவையே இருக்கவில்லை. அடுப்பு மேடையில் ஓட்டல் பொட்டலங்கள், ஐம்பத்து நான்கு வயது மனிதனின் முகத்தில் நான்கு நாள் தாடி, டிசம்பர் பாதி ஆகியும் கிறிஸ்துமஸ் குடில் இல்லை, வாசலில் நட்சத்திரம் இல்லை. இன்னும் ஒரு மாதத்தில் மகள் ஷெரினுக்குக் கல்யாணம் வைத்திருக்கிற வீடு அது. ஆனால் ஃபிரிட்ஜின் மேல் லூர்துவின் ஆஸ்பத்திரி டூட்டி அட்டவணை ஒட்டியபடியே இருந்தது. காலாவதியான அட்டவணை. அதன் ஒரு மூலை பிரிந்திருந்ததை யாரோ புதிதாக டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். ஷெரின் ஒட்டியிருக்க மாட்டாள். அந்த டேப்பைப் பார்த்த பிறகுதான், உனக்கு இந்தக் கடிதத்தை எழுதினால் வீணாகாது என்று எனக்குத் தோன்றியது.

நடந்ததை நீ உனக்குள் ஒரு விதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாய். நான் பார்த்த விதத்தைச் சொல்கிறேன். நவம்பரில் கல்லறைத் திருநாள் முடிந்த அடுத்த ஞாயிறு. உங்கள் வீட்டில் மதியச் சாப்பாடு. ஷெரின் தன் கல்யாண வரவேற்புக்கு இறந்துபோன தன் அம்மா ரீட்டாவின் கல்யாணப் பட்டைக் கட்ட வேண்டும் என்று அளவு பார்ப்பதற்காக பீரோவைத் திறந்தாள். திறந்தவள் வெறும் கையோடு வெளியே வந்தாள்.

"ஆன்ட்டி, மம்மியோட அரக்குப் பட்டு எங்க?"

"மாதாவுக்குக் குடுத்துட்டேன் பாப்பா. திருவிழா அன்னிக்குத் தேர்ல மாதா கட்டியிருந்தாங்களே, அதான்."

"குடுத்துட்டீங்களா? இப்ப அது எங்க இருக்கு?"

"கோயில்லதான் இருக்கும்."

"எங்க கோயில்ல திருவிழா முடிஞ்சதும் மாதா சேலையை ஏலம் விட்ருவாங்க ஆன்ட்டி! இந்நேரம் எவளோ கட்டிட்டுத் திரியறா! அது என் அம்மா சேலை. அதைக் குடுக்கறதுக்கு நீங்க யாரு?"

லூர்துவின் முகம் போன போக்கைப் பார்த்தேன். ஏலம் என்ற வார்த்தை அவளுக்குப் புதிது. அவள் பிறந்து வளர்ந்த சைதாப்பேட்டைக் கோயிலில் மாதாவுக்குச் சாத்திய சேலைகளை மடித்து அலமாரியில் வைத்துவிடுவார்களாம். அந்த நேரத்தில்தான் நீ, "லூர்து, முதல்ல அவகிட்ட மன்னிப்பு கேளு" என்றாய். நான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தேன். லூர்து என்னை ஒரே ஒரு முறை பார்த்தாள். நான் முள்ளைப் பார்த்தேன். அவள் ஷெரின் பக்கம் திரும்பி, "தப்புதான் பாப்பா, மன்னிச்சிடு" என்றாள்.

அவள் என்னை ஏன் பார்த்தாள் என்று இப்போது சொல்கிறேன். ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நாள் டூட்டி முடிந்து யூனிபார்மோடு மயிலாப்பூருக்கு என் வீட்டுக்கு வந்தாள். கையில் அந்தச் சேலை, ஒரு பழைய தலையணை உறைக்குள். "அத்தை, இதை மாதாவுக்குக் குடுக்கலாம்னு நெனைக்கறேன். உங்களைக் கேட்டுட்டுச் செய்யணும்னு..." என்று ஆரம்பித்தாள். நான் முடிக்க விடவில்லை. "கேட்கவே வேண்டாம், கொடுத்துவிடு" என்றேன். "அவருகிட்ட ஒரு வார்த்தை?" என்றாள். "அமலிடம் சொல்லாதே. உட்கார்ந்து அழுவான். நான் சொல்லிக்கொள்கிறேன்" என்றேன். சொல்லவில்லை. மாதா திருவிழா முடிந்த அடுத்த ஞாயிறு பூசைக்குப் பிறகு கோயில் முற்றத்தில் சேலைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி ஏலம் விட்டபோது, அரக்குப் பட்டு வெயிலில் பளபளவென்று மேலே வந்தது. அன்று, எல்லா வருஷமும் போல, லூர்துவுக்கு டூட்டி. நீ காருக்குப் போய்விட்டாய். நான் அங்கே இருந்தேன் அமல். ஒரு கை தூக்கியிருந்தால் அது நம் வீட்டுக்கே திரும்பியிருக்கும். நான் குடையை விரித்து, மடக்கி, மறுபடி விரித்து, பார்த்துக்கொண்டே நின்றேன். யாரோ ஒரு அம்மா தன் மகளுக்கென்று சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போனாள்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று நீ கேட்பாய். பெருமைக்குரிய பதில் என்னிடம் இல்லை. உன் முதல் கல்யாணத்துக்கு நானும் ரீட்டாவும் தி. நகரில் ஒரு பகல் முழுவதும் கடை ஏறி இறங்கினோம். நான் அவளுக்கு சந்தன வெள்ளையில் மெல்லிய ஜரிகை போட்ட ஒரு பட்டை எடுத்து வைத்தேன். கோயிலில் நிற்கிற பெண்ணுக்கு அதுதான் அழகு என்பது என்னைப் படிக்கவைத்த கன்னியாஸ்திரிகள் எனக்குள் ஏற்றி வைத்த எண்ணம். ரீட்டா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு அத்தை, ஆனா எனக்கு அந்த அரக்குதான் வேணும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். கடைக்காரப் பையன்கள் முன்னால். அவ்வளவுதான் விஷயம். அவளை நான் நேசித்தேன், அவள் படுக்கையில் கிடந்த எட்டு மாதமும் அவள் தலையைச் சீவிவிட்டவள் நான்தான். அவள் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. ஆனாலும் அந்தச் சேலையைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கடையில் நான் தோற்றது நினைவுக்கு வரும். ஒரு சேலை விஷயத்தில் இத்தனை வருஷம் மனதில் வைத்திருக்க முடியுமா என்றால், முடியும். என் மகனாகிய உனக்கு அது ஆச்சரியமாக இருக்காது.

எப்படியோ, பழி லூர்துவின் மேல் விழுந்தது, நான் அதை விழவிட்டேன். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். உன்னிடம்கூடச் சொல்லவில்லை. நீ அடுத்த வாரம் அவளை உட்காரவைத்து, "பாப்பா ரொம்ப அப்செட்டா இருக்கா, கல்யாணம் முடியற வரைக்கும் நீ உன் அண்ணன் வீட்டுல இரு" என்று சொன்னபோதும் சொல்லவில்லை. சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். நீ அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டாய்.

திங்கட்கிழமை நான் சைதாப்பேட்டைக்குப் போனேன். உனக்குச் சொல்லாமல்தான். இந்த நான்கு வருஷத்தில் சம்பந்தி வீட்டு வாசலை நான் மிதித்ததில்லை என்பது, ஆட்டோக்காரருக்கு வழி சொல்லத் தெரியாமல் விழித்தபோதுதான் எனக்கே உறைத்தது. லூர்துவின் அண்ணன் ஜோசப் தன் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு சத்தம் போட்டான். "லூர்து! யாரு வந்துக்கீறாங்க பாரு! ஏம்மா, ஒரு போன் அட்சிருந்தா நானே வண்டி எட்த்துனு வந்துருப்பேனே? இந்த முட்டிய வச்சிகினு எதுக்கு மாடி ஏறிக்கினு!"

"முட்டி என்னுடையது, ஜோசப்" என்றேன்.

"டீச்சர் டீச்சர்தாம்பா. உள்ள நொழையறதுக்கு முன்னாடியே மார்க் போட்டுட்டாங்க" என்று சிரித்தான். அப்புறம் சிரிப்பை நிறுத்தாமலே கேட்டான்: "மாப்ளைக்கு மட்டும் சைதாப்பேட்டைக்கு வழி தெரியலையாம்மா? மேப்புல கீதுன்னு சொல்லுங்க." அதற்கான பதில் உன்னிடம் இருந்தால் நீயே போய்ச் சொல்.

லூர்து காபி போட்டுக் கொடுத்தாள். என் சர்க்கரை அளவு அவளுக்கு நினைவிருக்கிறது. "நான் மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறேன்" என்று ஆரம்பித்தேன். மனதுக்குள் ஒத்திகை பார்த்திருந்த வாக்கியம். அடுத்த வாக்கியத்தை அவள்தான் பேசினாள்.

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன் அத்தை. சொல்லல. சரி, இந்த வயசுல புள்ளகிட்டயும் பேத்திகிட்டயும் பேச்சு வாங்க வேணாம்னு நானும் விட்டுட்டேன். பாப்பா திட்டுனதும் எனக்குப் பெருசில்ல. செத்துப்போன அம்மாவோட சேலை, யாருக்கா இருந்தாலும் ஆத்திரம் வரும். ஆனா அவரு கல்யாணம் முடியற வரைக்கும் அண்ணன் வூட்ல இருன்னு சொன்னாரு பாருங்க. விருந்தாளி வர்ற அன்னிக்கு ஒடைஞ்ச நாற்காலியை உள்ள தூக்கிப் போடுவாங்கல்ல, அந்த மாதிரி ஆயிடுச்சு. எல்லாரும் குடுத்துட்டியேன்னு கேட்டாங்க. ஏன் குடுத்தேன்னு ஒருத்தரும் கேக்கல."

ஆகஸ்டில் நானும் கேட்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. "இப்போது கேட்கிறேன். ஏன் கொடுத்தாய்?"

"ஜரிகை கறுக்க ஆரம்பிச்சிடுச்சு அத்தை. இன்னும் ரெண்டு வருஷம் அப்படியே மடிஞ்சு கெடந்தா மடிப்போட விட்டுப்போயிடும். அவரு மே மாசம் ரீட்டா அக்காவைக் கட்டுன நாள் அன்னிக்குக் கதவைச் சாத்திட்டு அதை எடுத்துப் பாப்பாரு. திருப்பி அதே மடிப்புலயே வைப்பாரு. நான் தப்பு சொல்லல, பாக்கட்டும். ஆனா அவ்ளோ நல்ல சேலை, இருட்டுலயே கெடந்து போவணுமா? மாதா கட்டிக்கிட்டு தேர்ல வந்தா ஊரே பாக்குமே, ரீட்டா அக்காவுக்கு அது மரியாதையா இருக்குமேன்னு நெனச்சேன். பாப்பாவுக்கு அப்போ மாப்பிள்ளையே அமையல. அமைஞ்சிருந்தா தொட்டிருக்க மாட்டேன்."

அமல், திருவிழா அன்று தேர் நம் தெருவில் திரும்பியபோது நீ என் பக்கத்தில்தான் நின்றாய். "இந்த வருஷம் மாதா ரொம்ப அழகா இருக்காங்கம்மா" என்று சொன்னாய். ரீட்டாவின் சேலையை உனக்கு அடையாளம் தெரியவில்லை. பீரோ இருட்டில் மடிப்பாகவே பார்த்துப் பழகியவனுக்கு, விரிந்து நிற்கும்போது எப்படித் தெரியும்? இதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. லூர்து அன்று கூட்டத்துக்குப் பின்னால் நின்று உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாளாம். நீ சிரித்தது அவளுக்குப் போதுமானதாக இருந்ததாம்.

உன் அப்பாவை விட்டு நானும் ஒரு முறை போயிருக்கிறேன். உனக்கு அப்போது இரண்டு வயது, நினைவிருக்காது. அவருடைய அக்கா என் சமையலைப் பற்றி ஏதோ சொல்ல, அவர் பேப்பரைப் புரட்டிக்கொண்டே "விடு, அவங்க அப்படித்தான்" என்றார். நான் உன்னைத் தூக்கிக்கொண்டு மாம்பலத்தில் என் அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன். பதினோரு நாள். அவர் யார் யாரையோ தூது அனுப்பினார். பங்குச் சாமியார் வந்து திருக்குடும்பத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். நான் அவருக்கு மோர் கொடுத்து அனுப்பிவிட்டேன். பன்னிரண்டாம் நாள் உன் அப்பாவே வந்தார். பூ வாங்கி வரவில்லை. நாற்காலியை என் எதிரில் இழுத்துப் போட்டு, "எதுக்குப் போனேன்னு நீயே சொல்லு. நான் குறுக்கே பேசமாட்டேன்" என்றார். ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினேன். அவர் சொன்னபடியே குறுக்கே பேசவில்லை, காபி ஆறி ஆடை படர்ந்தது. கடைசியில், "இவ்வளவு இருக்கும்னு எனக்குத் தெரியாது" என்றார். நான் பெட்டியை எடுக்க உள்ளே போய்விட்டேன். நாற்பது வருஷக் குடும்பம் அந்த ஒரு மணி நேரத்தின் மேல் நின்றது என்று சொன்னால் நீ நம்புவாயா? அவர் இறக்கும்வரை நான் அவரிடம் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

உன்னிடம் எனக்கு வருத்தம் ஒன்று உண்டு. அம்மா போன பிறகு ஷெரின் எதைக் கேட்டாலும் நீ சரி என்றாய். பதினேழு வயதுப் பிள்ளைக்கு அது சரி. இருபத்தாறு வயதுப் பெண்ணுக்கு அது அன்பு இல்லை, அலுப்பு. அவள் கோபத்தைக் கூடவே இருந்து தாங்குவது கஷ்டமாக இருந்ததால், அவள் கோபப்படுகிற ஆளை நீ வீட்டிலிருந்து அகற்றினாய். இதனால் ஷெரினுக்கு என்ன கிடைத்தது தெரியுமா? தன்னால் அப்பாவின் வீடு உடைந்தது என்ற எண்ணத்தோடு பீடத்தின் முன் போய் நிற்கப்போகிறாள். மகளா, மனைவியா என்று யாரும் உன்னைத் தேர்ந்தெடுக்கச் சொல்லவில்லை. லூர்து சொல்லவேயில்லை.

செவ்வாய்க்கிழமை ஷெரின் அழைப்பிதழோடு என் வீட்டுக்கு வந்தாள். அவளிடமும் எல்லாவற்றையும் சொன்னேன், குடையை விரித்து மடக்கியது உட்பட.

"பாட்டி, நீங்களா?"

"நான்தான்."

"அப்ப ஆன்ட்டி ஏன் வாயே திறக்கல?"

"என்னைக் காட்டிக்கொடுக்க மனமில்லை."

"நீங்க ரொம்ப மோசம் பாட்டி."

"ஆமாம்" என்றேன். பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவள், செருப்பில் ஒரு காலை நுழைத்தபடி திரும்பி நின்றாள். "சைதாப்பேட்டைல எந்தத் தெரு?" என்று கேட்டாள். நான் சொல்லவில்லை. "முதலில் உன் அப்பா போகட்டும்" என்றேன். ஏனென்றால் அவள் போனால் நீ அவளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாய். இது அவள் சரிசெய்ய வேண்டிய விஷயம் இல்லை. அவளுடைய பங்கு பிறகு வரும், அதை அவள் நன்றாகவே செய்வாள் என்று நினைக்கிறேன். அந்தச் செருப்புக் காலைப் பார்த்தபோது எனக்கு அப்படித்தான் தோன்றியது.

ஆகவே முகத்தை மழித்துக்கொண்டு போ. பகலில் போ, லூர்துவுக்கு வெள்ளிக்கிழமை லீவு. வாட்ஸ்அப்பில் காலை வணக்கம் அனுப்புவதை நிறுத்து, அந்த ரோஜாப்பூப் படங்களை அவள் ஜோசப்பிடம் காட்டுகிறாள், அவன் சிரிக்கிறான். என்னைத் திட்டி அவளைச் சமாதானப்படுத்தலாம் என்று நினைக்காதே. என் தவறு வேறு, உன் தவறு வேறு. உன்னுடையது அந்த அண்ணன் வீட்டு வார்த்தை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார், கேள். வருகிறாயா என்று உடனே கேட்காதே. அவள் வராமலும் இருக்கலாம், அதற்கும் மனதைத் தயார் செய்துகொள். வராவிட்டால் அடுத்த வெள்ளியும் போ. இரண்டு பேர் நடுவில் கேட்கப்படாமல் கிடந்ததை ஒரு முறையாவது கேட்டுவிட்டால், அதற்குப் பிறகு தனியாக இருக்க நேர்ந்தாலும் அந்தத் தனிமை வேறு மாதிரி இருக்கும். இதைக் கணவனை இழந்தவளாகச் சொல்கிறேன்.

இன்னொரு விஷயம். லூர்து மாதாவுக்குச் சேலையை மட்டும்தான் கொடுத்தாள். அதற்கென்று ரீட்டா தன் கையால் தைத்துக்கொண்ட ரவிக்கையைக் கொடுக்கவில்லை. உன் வீட்டுப் பரணில் குடில் பொம்மைகள் வைத்த தகரப் பெட்டியில், வைக்கோலுக்கு அடியில் இருக்கிறது. கிறிஸ்துமஸுக்குக் குடில் கட்டும்போது ஷெரின் கையில் கொடுப்பதற்காக வைத்திருக்கிறாளாம். ஷெரினிடம் நான் சொல்லாமல் விட்டது இது ஒன்றுதான். நீ அவசரப்பட்டு ஏணி போட்டு ஏறாதே, அது லூர்து எடுத்துக் கொடுக்க வேண்டியது. அதற்காகவாவது இந்த வருஷம் குடில் கட்ட வேண்டும்.

வருகிற ஞாயிறு பூசையில் ஷெரினின் கல்யாணத்தை அறிவித்து முதல் ஓலை வாசிக்கிறார்கள். அவள் பெயரும், உன் பெயரும், காலஞ்சென்ற ரீட்டாவின் பெயரும் கோயில் முழுக்கக் கேட்கும். கேட்க வேண்டியதுதான். நாம் உட்கார்வது இடது பக்கம் மூன்றாவது வரிசை. அதில் ஓரத்து இடம் ரீட்டாவினுடையது. அவள் போன நாளிலிருந்து அந்த இடத்தில் நான் என் கைப்பையை வைத்துவருகிறேன். உனக்கு அது துக்கம் என்று தோன்றியிருக்கும், பிறருக்கும் அப்படித்தான். ஆனால் நீ லூர்துவைக் கட்டிக்கொண்டு வந்த பிறகும் நான் பையை எடுக்கவில்லை. நான்கு வருஷமாக அவள் டூட்டி இல்லாத எல்லா ஞாயிறும் நமக்குப் பின்வரிசையில், என் முதுகைப் பார்த்துக்கொண்டு ஜெபம் சொல்லியிருக்கிறாள். ஒரு நாளும் கேட்டதில்லை.

இந்த ஞாயிறு எட்டு மணிப் பூசைக்கு நான் ஏழரைக்கே போய்விடுவேன். மூன்றாவது வரிசை, ஓரத்து இடம் காலியாக இருக்கும். பை என் மடியில் இருக்கும். அதை அவளிடம் சொல், அவளுக்குப் புரியும்.

உன் அம்மா